வேம்பு எழுதிய ஏழாம் அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவத்ஸன் அமெரிக்காவிலிருந்து போன் பண்ணுவான். அவனுக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. தஞ்சாவூரில் மதுரம் ஏழு மணிக்கே சமையலை, அவர்கள் பேச்சில் தளிகையை, முடித்து, பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணிவிட்டு, போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மருந்து சாப்பிட்டியா, பால் வந்ததா, காஸ் சிலிண்டர் இருக்கா என்று அவன் வரிசையாகக் கேட்பான். பரீட்சை வினாத்தாள்கூட வருஷத்துக்கு வருஷம் மாறும், இது மாறாது. அவன் கேட்டு முடித்ததும் இவள் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"வித்யா எங்கேடா?"

"குளிச்சிண்டிருக்காம்மா."

வித்யாலக்ஷ்மி அவளுடைய மருமகள். அந்தப் பெண் வாராவாரம், சொல்லிவைத்த மாதிரி, மாமியார் கேட்கிற அதே நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். மேட்டூர் அணை திறக்கவில்லை, குறுவைப் பயிர் போயே போய்விட்டது, தஞ்சாவூருக்குள் ஓடுகிற புது ஆற்றில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரே சொட்டுத் தண்ணீருக்கு அலைகிறபோது இப்படியும் ஒருத்தி குளிப்பாளா என்று மதுரம் கேட்கவில்லை. கேட்க மாட்டாள். அவளுக்கு உண்மை தெரியும்.

வித்யாலக்ஷ்மி அந்த வீட்டை விட்டுப் போய் மாசக்கணக்காகிவிட்டது. இதைச் சொன்னதும் ஸ்ரீவத்ஸன்தான். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. வேம்பு என்று ஒருவரிடம், கம்ப்யூட்டர் கடிதத்தில் சொன்னான். வேம்பு திருச்சியில் இருக்கிறார், ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு, வேலை சுத்தம். ஸ்ரீவத்ஸனுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். இதில் ஒன்றுகூட நிஜம் இல்லை. வேம்பு மதுரம்தான்.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளைப் பெரிய கள்ளி என்று நினைத்துவிடுவீர்கள்.

மதுரம் பெண்கள் கல்லூரியில் கணக்கு வாத்தியார். தொண்ணூறுகளில் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பு கிளம்பியபோது அவள் கல்லூரியிலும் ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கணக்கு தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டர் வராதா என்று நிர்வாகத்தார் அவளைத் திருச்சிக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டரும் வந்தது. ஓய்வு பெறுகிறவரைக்கும் பெண்களுக்கு சி என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்தாள். புருஷன் ஸ்ரீநிவாசன் காலமான பிறகு, பையன் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரும் போன் லைனும் அவளும் மட்டும் அந்த வீட்டில் மிச்சம்.

ஒரு நாள் பொழுது போகாமல் பிள்ளையின் பெயரை அடித்துத் தேடினாள். ஒரு பக்கம் வந்தது. அவன் சொந்தமாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்த லைப்ரரி அது, புரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்கிற தொகுப்பு. சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. அந்த மொழியில் உறவுமுறை கிடையாது. இந்தச் சாமான் அந்தச் சாமானின் வழி வந்தது, அதன் குணம் இதற்கும் உண்டு என்று சொல்ல அதில் வழியே இல்லை. ஸ்ரீவத்ஸன் அந்த வழியைக் கட்டியிருந்தான். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர், ஒரு தாய் வகை, அதிலிருந்து கிளைக்கும் சேய் வகைகள், ஒரு பொருள் எப்படிப் பிறக்கும், எதுவரை இருக்கும், எப்போது போகும் என்று எல்லாவற்றுக்கும் சட்டம். கட்டியவன் விளக்கம்தான் எழுதவில்லை. பக்கத்தின் அடியில், விளக்கம் எழுத ஆள் தேவை என்று போட்டிருந்தது.

மதுரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டாள். "நான் எழுதித் தரட்டுமாடா?"

அவன் சிரித்தான். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பேசாம ரெஸ்ட் எடு. கோவிலுக்குப் போயிட்டு வா."

ரெஸ்ட் எடு என்றால் எங்கிருந்து எடுப்பது, பரண் மேலிருந்தா? மதுரத்துக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி போட்டாள். பெயர் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றது. வேம்பு என்று அடித்தாள்.

வேம்பு அந்த விளக்கத்தின் முதலாம் அத்தியாயத்தை எழுதி அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது! அம்மா போடுகிற மின்னஞ்சலுக்கு மூன்று வாரம் கழித்து 'ஓகே மா' என்று பதில் போடுகிற பிள்ளை, வேம்புவுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தான். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை, இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், தொடர்ந்து எழுதுவீர்களா என்று. இங்கிலீஷ் கடிதம்தான், ஆனாலும் அதில் அவன் குரல் இருந்தது. காலேஜிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் வாய் ஓயாமல் பேசுவானே, அந்தக் குரல். அவளுக்கு அது கிடைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் விட்டுவிட முடியுமா?

தெரிந்ததையும் தெரியாத மாதிரி கேட்டாள். கேள்வி கேட்டால்தானே பதில் வரும்.

மூன்றாம் அத்தியாயம் பொருள்களின் பிறப்பையும் முடிவையும் பற்றியது. ஒரு பொருள் பிறக்கும்போது தாய் வகை முதலில் தன் பங்கைத் தயார் செய்துகொள்ளும், அதற்குப் பிறகுதான் சேய் வகை. அந்த வாக்கியத்தை மதுரம் சிரமமில்லாமல் எழுதினாள். முடியும்போது வரிசை திரும்பிவிடும். சேய் வகையின் பங்கு முதலில் போகும், தாய் வகையினுடையது கடைசியில். அதை எழுத வரவில்லை. எழுந்து போய்க் கொல்லையில் காயாத துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு வேம்பு கேட்டார்: இந்த வரிசையை மாற்ற முடியாதா?

முடியாது என்று ஸ்ரீவத்ஸன் எழுதினான். சேயிடம் இருப்பதெல்லாம் தாயிடம் இருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, தாய் முதலில் போய்விட்டால் சேய் பிடிமானமில்லாமல் நிற்கும், மொத்த புரோகிராமும் விழுந்துவிடும் என்று விளக்கியிருந்தான். புரோகிராமைப் பற்றித்தான் எழுதியிருந்தான், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அதை அச்செடுத்து, மருந்து டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் தனியாக ஒரு வரி இருந்தது. 'பதில் தாமதம், மன்னிக்கவும். கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள். எனக்கு வேலை போய்விட்டது.'

மதுரத்தின் விரல் 'கண்ணா' என்று அடித்துவிட்டது. அழித்தாள். நீ சாப்பிடுகிறாயா என்று அடித்தாள். அதையும் அழித்தாள். வேம்பு எப்படி எழுதுவார்? கடைசியில் வேம்பு எழுதினார்: 'வருத்தம். ஆனால் என் கேள்விகளுக்கு இனி உங்களுக்கு நேரம் இருக்கும்.' அவன் அங்கே வாய்விட்டுச் சிரித்ததாகப் பதில் போட்டான். இந்த மாதம் முதல் தடவையாகச் சிரித்தேன் என்றும் எழுதியிருந்தான்.

அன்று பெருக்க வந்த வைரக்கண்ணு முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னங்கம்மா, கண்ணு கலங்கியிருக்கு?"

"வெங்காயம் நறுக்கினேன்."

"ஒங்க வீட்டுல ஏதுங்கம்மா வெங்காயம்?" என்றாள் வைரக்கண்ணு. இத்தனை வருஷமாக அந்தச் சமையலறைக் குப்பையைக் கொட்டுகிறவள் அவள். வெங்காயச் சருகை அதில் கண்டதே இல்லை. மதுரம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய் சொல்ல அவளுக்கு இங்கிலீஷில்தான் வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இரண்டு வரி, நான்கு வரி என்று சேர்ந்தது. வேலை தேடி அலைந்தது, சின்ன வீட்டுக்கு மாறியது. ஒரு நாள், வித்யா போய்விட்டாள் என்று இருந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒருவரோடொருவர் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தான். 'என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், இங்கே வந்துவிடு என்பாள். அந்த அழுகையையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.'

அந்த வரியைப் படித்துவிட்டு மதுரம் அழவே இல்லை. அழக்கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு வேம்பு, ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சந்தேகம் கேட்டு எழுதினார். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார்: 'பேசத் தோன்றும்போது எழுதுங்கள், நான் எங்கும் போகப்போவதில்லை.'

இப்படி ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆனார்கள். மதுரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பால், மருந்து, சிலிண்டர். வேம்புவுக்கு அவள் பிள்ளை. வேம்பு மேல் அவளுக்குப் பொறாமைகூட வந்தது. அந்த மனுஷர் மட்டும் பிடிபட்டுவிட்டால் தனக்கு மிஞ்சுவது பாலும் சிலிண்டரும்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வெகு ஜாக்கிரதையாக இருந்தாள். கடிதத்தில் தஞ்சாவூர் பெயர் வராது, பண்டிகை வராது, உடம்பு சரியில்லை என்பது வராது.

ஏழாம் அத்தியாயம் வந்தது. பயன்படுத்துகிறவர் தனக்கென்று ஒரு புது வகையை எப்படி உண்டாக்குவது என்பது விஷயம். உதாரணம் வேண்டும். வகுப்பில் பெண்களுக்குச் சமையலை வைத்துத்தான் அவள் சொல்லிக்கொடுப்பாள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அதையே எடுத்தாள். பதார்த்தம் என்பது தாய் வகை, அதிலிருந்து ரசம் என்று ஒரு சேய் வகை. வீட்டில் அவர்கள் ரசம் என்று சொல்வதே இல்லை, சாத்தமுது என்றுதான் சொல்வது. அப்படி எழுதினால் ஆள் யார் என்று தெரிந்துவிடுமே! ரசம் என்று போட்டுவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். புளி, பருப்பு, உப்பு என்று உறுப்புகளைச் சேர்த்து, ரசம் உண்டாகி, கொதித்து, கைமாறி, சோதனையாகி முடிகிறவரைக்கும் புரோகிராமை எழுதினாள். ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. அனுப்பிவிட்டாள்.

பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. வழக்கமான வணக்கம் இல்லை.

'உதாரணத்தில் பிழை இருக்கிறது. ரசத்தைக் கேட்டவரிடம் கொடுத்த பிறகு உப்பைச் சோதிக்கிறீர்கள். உப்பில்லாத ரசம் வெளியே போய்விடுகிறது. அதையும் ரசமே செய்யாமல், வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்கிறீர்கள். குறைந்தால் உப்புத் தண்ணீர் விடுகிறீர்கள். இப்படி யார் செய்வார்கள்?'

அடியில் சொந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை.

மதுரம் தன் புரோகிராமைத் திரும்பப் படித்தாள். அவள் எழுதியது ரசம் இல்லை. அவள் சமையலறையை அப்படியே எழுதியிருந்தாள்.

பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. உப்பு சரியா என்பது பெருமாளுக்கே முதலில் தெரியும். கண்டருளப் பண்ணின பிறகும் அவள் தொட மாட்டாள், புருஷனும் பிள்ளையும் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பாடு. அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். "உப்பு பாருடா." அவன் நக்கிவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி கண்ணை மூடி யோசித்துச் சொல்வான். குறைவு என்றால், தயாராகக் கரைத்து வைத்திருக்கிற உப்புத் தண்ணீரை விடுவாள். கல் உப்பைப் போட்டால் சட்டென்று கரையாது என்று அது அவளே கண்டுபிடித்த வழி. தன் வீட்டில் அப்படித்தான் என்பதால், உலகத்தில் எல்லா ரசமும் அப்படித்தான் என்று கை எழுதிவிட்டது. பெயரை ஒளித்தவளுக்குப் பழக்கத்தை ஒளிக்கத் தெரியவில்லை.

அவன் வெளிநாடு போன பிறகு உப்பு பார்க்க ஆள் இல்லை. கூடினாலும் குறைந்தாலும் அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வேம்பு பதில் எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. போன் லைனில்தான் இன்டர்நெட்டும் வரவேண்டும். லைன் பிஸியாக இருந்து, அவன் கூப்பிட்டுக் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் கம்ப்யூட்டரையே தொடவில்லை. வாரம் பூராவும் அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஒரு பிள்ளையை இரண்டு தடவை தொலைத்தவள் உண்டா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குப் போன் அடித்தது.

"அம்மா."

"சொல்லுடா. மருந்து சாப்பிட்டாச்சு. பால் வந்துது."

அவன் கேட்கிற வரிசையில் போகவில்லை.

"ரசத்துக்கு உப்பு பாக்க வெளியிலேர்ந்து எதுக்கும்மா ஒரு ஆளைக் கூப்பிட்டே?"

எந்த ரசம் என்று கேட்டிருக்கலாம். சாமர்த்தியசாலி கேட்டிருப்பாள். மதுரத்துக்கு வரவில்லை.

"நான் பாக்கப்படாதேடா. நீதானே பாப்பே."

அவன் அழுகிறானோ, பல்லைக் கடிக்கிறானோ, தெரியவில்லை.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"எனக்குத்தானே எழுதினே."

"உனக்கு எழுதலைம்மா." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "உனக்கு எழுதவே இல்லை. எனக்கு இந்த ஊர்ல யாருமே இல்லாம போனப்போ ஒருத்தர் இருந்தார். நான் சொல்றதைக் கேட்டுப்பார், அழமாட்டார். சாப்டியான்னு கேக்கமாட்டார், ஊருக்கு வந்துடுன்னு சொல்லமாட்டார். இப்போ அவரும் இல்லே."

திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மன்னிப்புக் கேட்கவும், கொஞ்சம் அழவும்கூடத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தாள். இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தனியாகக் கிடப்பது தான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதர். அவரையும் இவள் ஒரு கரண்டி சாத்தமுதில் கொன்றுவிட்டாள்.

வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு, வகுப்பில் பேசுகிற குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தாள்.

"வேம்பு எங்கேயும் போகலைடா. எங்கேயும் போகமாட்டேன்னு எழுதியிருக்காரோல்லியோ? நீ எழுது."

"நீ படிப்பியே."

"நான் படிக்கமாட்டேன். அவர் படிப்பார்."

"நீ என்ன பண்ணுவே?"

"எனக்கென்ன? நான் ஞாயித்துக்கிழமை பேசறேன்."

"சரி" என்றான். வைத்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் மதுரம் அழுதாள். மறைக்காமல், சத்தமாகவே அழுதாள். வைரக்கண்ணு துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தாள். "வெங்காயம் ரொம்பக் காரம் போலருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் நாற்காலியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் வேம்பு ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தினார். இப்போது ரசம் தன் உப்பைத் தானே சோதித்துக்கொண்டது. சரியாக இருந்தால்தான் கைமாறும். வெளியாள் யாரும் தேவையில்லை. வெளியாளைக் கூப்பிடுகிற அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு எடுத்தாள். 'பிழைக்கு வருந்துகிறேன். எட்டாம் அத்தியாயத்தில் எதைப் பற்றி எழுதட்டும்?' என்று கேட்டு அனுப்பினாள்.

புதன்கிழமை பதில் வந்தது. அன்புள்ள வேம்பு அவர்களுக்கு என்று ஆரம்பித்தது. எட்டாம் அத்தியாயத்துக்கு நீளமாக விஷயம் சொல்லியிருந்தான். அடியில் ஏழெட்டு வரி. வித்யா தன் புத்தகங்களை எடுத்துப்போக வந்தாளாம். இருவரும் காபி சாப்பிட்டார்களாம். அவள் போன பிறகு அலமாரியில் விழுந்திருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றானாம்.

வேம்பு படித்தார். நீ அன்று சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அலமாரியின் காலி இடத்தில் உடனே எதையும் வைக்க வேண்டாம், சில நாள் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் எழுதினார். பெயரைப் போட்டார். அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதுரம் தளிகையை முடித்து, கண்டருளப் பண்ணிவிட்டு, போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டரைக்கு அடித்தது. மருந்து சாப்பிட்டியா என்றான். சாப்பிட்டேன் என்றாள். பால் வந்ததா. வந்தது. சிலிண்டர் இருக்கா. இருக்கு. அவ்வளவுதான், அவன் முறை முடிந்தது. இனி இவள் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள்.

"வித்யா எங்கேடா?"

அவன் மூச்சு விடுவது கேட்டது.

"குளிச்சிண்டிருக்காம்மா."

"சரிடா" என்றாள் மதுரம். "தலையை நன்னாத் துவட்டிக்கச் சொல்லு. அங்கே குளிரா இருக்கும்."